அப்படிப்பட்டவர் அல்லாதவர்

ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னால் நன்றி சொல்கிற ஆண்கள் உண்டு. எரிச்சல்படுகிற ஆண்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு வகையினர் இருக்கிறார்கள். அவர்கள் உடனே வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். "நான் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்பது அந்த வாக்குமூலத்தின் முதல் வரி. பெரும்பாலும் கடைசி வரியும் அதுதான்.

இவரிடம் போய், சர்க்கரை எவ்வளவு இருக்கிறதென்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்களேன் என்று சொல்லிப் பாருங்கள். "எங்க வம்சத்துலயே கிடையாது" என்பார், நீங்கள் என்னவோ அவருடைய தாத்தாமேல் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டதுபோல. ஹெல்மெட் போடச் சொன்னால், தான் யார்மேலும் மோதியதில்லை என்பார். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர், வைரஸ் தடுக்கிற ஒன்றைப் போட்டுவைக்கலாமே சார் என்றால் முகம் சிவந்துவிடும். "நான் அந்த மாதிரி எதுவும் பாக்கறதில்ல." யார் கேட்டார்கள்? வந்தவர் இன்னும் மௌஸைக்கூடத் தொடவில்லை.

இந்த வகையில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது இருபத்தைந்து. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவரே சொல்லவிட மாட்டார். வேலையிலும் சுத்தம். ஒவ்வொரு லிஃப்ட் பெட்டிக்கும் அடியில் ஒரு பிரேக் இருக்கிறது. மேலே கயிறு அத்தனையும் அறுந்து பெட்டி கீழே பாய்ந்தால், இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். அவர் வேலைக்குச் சேர்ந்த ஐந்து வருடத்தில் எந்தக் கட்டடத்திலும் அதற்கு வேலை வந்ததில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழிக்குள் இறங்கி, படுத்து, அழுக்கைத் துடைத்து, அது சரியாகக் கவ்வுகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார்.

அவருக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். கண்ணாடித் துண்டில் தடவி வருகிற செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. நாள் முழுக்க நல்ல செல், கெட்ட செல் என்று பிரித்துப் பிரித்து, மனிதர்களை அப்படிப் பிரிக்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள காபிக் கடையில் இருவரும் உட்கார்ந்து மண்டபம், பத்திரிகை, யார் யாரைக் கூப்பிடுவது எல்லாம் பேசி முடித்தார்கள். பிறகு அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஹெச்.பி.வி. தடுப்பூசின்னு ஒண்ணு இருக்கு. நான் ஸ்கூல்ல படிக்கும்போதே போட்டாச்சு. நீங்களும் போட்டுக்கறீங்களா?"

"அது பொம்பளைங்க ஊசிதானே?"

"பொம்பளைங்களுக்குக் கருப்பை வாய்ல புத்துநோய் வருது. அதனால அவங்க பேரு மட்டும் அடிபடுது. வைரஸ் ஆம்பளைங்க உடம்புலயும்தான் இருக்கு. தொண்டைல வரும், அடிநாக்குல வரும். இன்னும் காபி குடிக்கும்போது சொல்ல வேண்டாத இடத்துல எல்லாம் வரும்."

"அது எப்படித் தொத்துது?"

சொன்னாள். மண்டபத்து வாடகையைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அப்படிப்பட்டவன் இல்ல."

"எப்படிப்பட்டவர்னு நான் கேக்கலையே."

"அப்புறம் எனக்கு எதுக்கு ஊசி?"

"லிஃப்ட்டுக்கு அடில ஒரு பிரேக் இருக்குன்னு போன வாரம் அரைமணி நேரம் சொன்னீங்க. ஏறுறவங்க ஒழுக்கத்தப் பாத்தா அத மாட்டறீங்க?"

லிஃப்ட் வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று யோசிக்க நேரமில்லாததால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் கோபம். கல்யாணத்துக்கு முன்னாலேயே சந்தேகமா? அந்தக் கோபத்துக்குக் கொஞ்சம் கீழே வேறொன்றும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பயிற்சிக்காக வெளியூரில் தங்கியிருந்தபோது ஒரு பெண்ணோடு நாலு மாதம் பழக்கம். நல்ல பெண்தான், வேலை மாறிப் போய்விட்டாள். அதை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. வெளியூரில் நடந்தது. தவிர, பயிற்சிக் காலம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "அவ என்னைச் சந்தேகப்படறா" என்றார். என்ன விஷயம் என்று முழுதாகக் கேட்டதும் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தார். கூட்டிவைத்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டார்.

மாமா என்றால் மெக்கானிக்கின் தாய்மாமா. நோட்டரி வக்கீல். முப்பது வருடமாக நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, இன்னார் இன்னார்தான் என்றும், இந்த நகல் அந்த அசலின் நகல்தான் என்றும் முத்திரை குத்திக் குத்தி, தன் கையெழுத்து இல்லாத எதையும் உண்மை என்று நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டவர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அத்தையைத் தவிர வேறு பெண்ணிடம் மணி கேட்டதுகூடக் கிடையாது. நம் மெக்கானிக் கற்றுக்குட்டி. மாமாதான் அந்த வகையின் அசல்.

"ஊசி போட்டா என்ன அர்த்தம்?" என்று போனிலேயே கேட்டார் மாமா. "குத்தத்த ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். அந்தப் பொண்ண வரச் சொல்லு. நான் பேசறேன்."

சனிக்கிழமை அவள் டியூட்டி முடிந்து அப்படியே வந்தாள், காலில் ஆஸ்பத்திரி ஷூவோடு. கூடத்தில் பெரிய நாற்காலியில் மாமா. பக்கத்தில் அத்தை. அப்பா ஜன்னலோரமாக உட்கார்ந்து தெருவை ஆராய்ந்துகொண்டிருந்தார். மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றார்; தன் நடத்தையைப் பற்றிய விசாரணையில் தனக்கு நாற்காலி உண்டா என்பது அவருக்குத் தெரியவில்லை.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். இந்தக் குடும்பத்தில் இதுவரை எவர்மேலும் ஒரு கறை உண்டா, ஒரு பேச்சு உண்டா, பையன் சாயங்காலம் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறவன் என்பது தெருவுக்கே தெரியுமா தெரியாதா, அப்படிப்பட்ட பையனை ஊசி போட்டுக்கொள் என்று சொல்வது எதைக் காட்டுகிறது என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நடுநடுவே வலது தாடைக்குக் கீழே ஒரு இடத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டார்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும், "மாமா, அந்தக் கட்டி எத்தனை நாளா இருக்கு?" என்றாள்.

"எந்தக் கட்டி?"

"நீங்க தடவிட்டே இருக்கீங்களே, அது."

"இதுவா? காலர் உரசுது. நாலு மாசமா."

"தலகாணின்னு சொல்லி ரெண்டு தலகாணி மாத்தியாச்சு" என்றாள் அத்தை. "அப்புறம் காலர்னு சொல்லி மூணு சட்டைய டெய்லர்கிட்ட கொடுத்தாச்சு. சட்டை சரியாயிடுச்சு."

"வலிக்குதா?"

"இல்ல. வலிக்காதப்ப என்ன?"

"வலிக்காததாலதான் கேக்கறேன். திங்கக்கிழமை காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தள்ளிப் போட வேண்டாம்."

"எனக்கு எதுக்கும்மா? நான் புகையிலையத் தொட்டவன் இல்ல."

அவள் அத்தையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்தாள். அவள் போனபிறகு, பேச்சை மாற்றிவிட்டாள், பெரியவரை மட்டம் தட்டிவிட்டாள், இந்தச் சம்பந்தம் சரிப்படுமா என்றெல்லாம் பேச்சு நடந்தது. மெக்கானிக்கும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அத்தையோ திங்கட்கிழமை காலை மெக்கானிக்கை வண்டி ஓட்டச் சொல்லி மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு துளி சதை எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். வலது டான்சிலில் புற்றுநோய். கழுத்துக் கட்டி அதிலிருந்து வந்தது. ஹெச்.பி.வி. வைரஸால் வந்த வகை. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஏழு வாரம் கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைக்க வேண்டும், கூடவே மருந்து ஏற்ற வேண்டும்.

புற்றுநோய் என்ற வார்த்தைக்கு மாமா அசையவில்லை. வைரஸ் பெயருக்குத்தான் அசைந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர், ரிப்போர்ட்ல அந்தப் பேர எழுதாம விட முடியுமா?"

முப்பது வருடமாக ஒரு புள்ளி மாறியிருந்தாலும் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிய மனிதர். மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"முடியாதுங்க" என்றார் டாக்டர். "இது எப்ப வந்து ஒட்டிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இருபது முப்பது வருஷம் முன்னால இருக்கலாம். குடும்பம் நடத்துற பெரும்பாலானவங்க உடம்புல எப்பவோ ஒருதடவை வந்துட்டுப் போறதுதான். நிறையப் பேருக்குத் தானாப் போயிடும். சிலருக்குத் தங்கிடும். ஆளப் பாத்துத் தங்கறதில்ல."

மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். மெக்கானிக் அந்த முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. முத்திரை இல்லாத முகம்.

"நான் வந்து..."

"தெரியும்" என்றாள் அத்தை. "முப்பத்திரண்டு வருஷமா உங்க சட்டைப் பையில கைவிட்டுப் பாத்துட்டுத்தான் துவைக்கறேன். சந்தேகம் வரணும்னா எப்பவோ வந்திருக்கும். இப்ப கரண்ட் என்னிக்குலேருந்துன்னு டாக்டரக் கேளுங்க."

அதற்குப்பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை. மெக்கானிக் எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

கல்யாணம் தள்ளிப்போனது. வாரத்துக்கு ஐந்து நாள் மாமாவைக் கரண்ட் அறைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது மெக்கானிக்தான். மூன்றாவது வாரம் மாமாவுக்கு ருசி போய்விட்டது, எச்சில் வற்றிவிட்டது. ஐந்தாவது வாரம் பேச்சும் சிரமமாகிவிட்டது. லேபிலிருந்து மத்தியான இடைவேளையில் அவள் வருவாள். உப்பும் சோடா உப்பும் கலந்த வெந்நீரில் எப்படி வாய் கொப்பளிப்பது என்று காட்டுவாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒருநாளும் சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு அதுதான் தாங்கவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

ஆறாவது வாரம் ஒரு நாள் மாமா தன் அலுவலகத் தாளையும் பேனாவையும் எடுத்துவரச் சொன்னார். அதில் எழுதினார்: "மேற்படி தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதால் எவருடைய நன்னடத்தைக்கும் குந்தகம் விளைவதில்லை என்பதை நான் நேரடியாக அறிவேன். போட்டுக்கொள்." கீழே கையெழுத்து. பழக்கதோஷத்தில் முத்திரையும் குத்தினார்.

மறுநாள் மெக்கானிக் ஊசி போடப் போனார். தடுப்பூசி அறையில் ஒரு நர்ஸ், ஒரு குளிர்ப்பெட்டி, கையில் குழந்தையோடு இரண்டு அம்மாக்கள், நடுவில் இவர்.

"ஹெச்.பி.வி.யா? வயசு?"

"இருபத்தஞ்சு. இங்க பாருங்க சிஸ்டர், எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, அதனாலதான். மத்தபடி நான் அந்த மாதிரி..."

"எடது கையா, வலது கையா?"

"எடது."

"மூணு தவணை. அடுத்தது ரெண்டு மாசத்துல, கடைசி ஆறாவது மாசம். ஏற்கெனவே ஏதாவது தொத்தியிருந்தா அத இந்த ஊசி எடுக்காது. தொத்தாத வகைங்களத் தடுக்கும். கால் மணி நேரம் வெளில உக்காந்துட்டுப் போங்க."

ஏற்கெனவே என்ற வார்த்தையோடு அவர் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அதே காபிக் கடையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்ததும், அந்த நாலு மாதத்தை முழுக்கச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கேட்டது அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

"இத நான் கேக்கவே இல்லையே" என்றாள் கடைசியில். "ஊசி போட்டுக்கறீங்களான்னுதான் அன்னிக்கும் கேட்டேன்."

"போட்டாச்சு."

"கை வலிக்குதா?"

"லேசா."

"நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியைத் தள்ளிவைத்து, வேறு இரண்டு கொண்டுவரச் சொன்னாள்.

மாமாவுக்கு மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. குரல் மட்டும் பாதியாகிவிட்டது. கல்யாணத்தில் அவருடைய வாழ்த்துரை ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. விஷயம் தெரியாத உறவினர்கள் அதை மணமக்களின் யோகம் என்று பேசிக்கொண்டார்கள். மாமா இப்போது நம்பிக்கைக்குரியவர்களிடம், குறிப்பாக வயதுவந்த பிள்ளைகள் உள்ளவர்களிடம், கதவைச் சாத்திக்கொண்டு இந்த ஊசியைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளைகள் இன்னும் சின்ன வயதாக இருந்தால் இரண்டு தவணையே போதும், அப்போதே போட்டுவிடுவதுதான் உத்தமம் என்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். பெண்ணுக்குக் கட்டாயம் போடுகிறேன் என்கிறார்கள். பையனுக்கு என்று கேட்டால், அவனா, தங்கமான பையன் என்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கும் யார் யாரோ நினைவுக்கு வந்திருப்பார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், மச்சினன், மாடிவீட்டுக்காரர், வீட்டில் படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மகன். அவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வரிசையில் உங்களை நீங்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்றால், அதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது சொல்வது நல்லது.