நான் எழுந்திருக்காத காரணம்

செங்கல்பட்டு,
புதன்கிழமை

அன்புள்ள மச்சான் ஆல்வினுக்கு,

மோசஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ரெஜினாவும் நலம், என் தொடைகள் மட்டும் விலக்கு. கூடுவாஞ்சேரியில் நீயும், என் தங்கை சாராளும், ஜெனிஃபரும், இன்னும் பெயர் வைக்காத பேரனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெனிஃபர் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என் பெயரை நீ விட்ட கோபத்தில் இரண்டு வருஷம் முன்பு உன் நம்பரை பிளாக் செய்தேன், அதை எடுப்பது எப்படி என்று தெரியாததால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் குடும்ப சர்ச்சில் நடந்ததை நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். அதற்கு முதல் நாள், சர்க்கரை குறையும் என்று சொல்லி ஆபீஸ்காரர்கள் திருவிடந்தையில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள், பஸ் ஸ்டாப்புக்கே ஷேர் ஆட்டோவில் போகிறவன் நான், ஈசிஆரில் கடல் காற்று முகத்தில் பட்டதும் வயசு ஐம்பத்தாறு என்பது மறந்துபோய் முழுசாக ஓடினேன், அதோடு விட்டிருக்கலாம், மைக்கில் ஒருத்தன் ஐம்பது தோப்புக்கரணம் போட்டால் டீ-சர்ட் என்றான், போட்டேன். அந்த டீ-சர்ட் எனக்குப் பத்தவில்லை, ரெஜினா தலையணைக்கு உறையாகப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் கட்டிலை விட்டு இறங்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டு ஷபானா, பிசியோதெரபி படித்த பெண், தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, பழக்கமில்லாமல் வேலை வாங்கினால் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழும், தூக்கமும் முட்டையும் தண்ணீரும் கொடுத்தால் நாலைந்து நாளில் உடம்பே சரிசெய்துகொண்டு முன்னைவிட உறுதியாகும் என்றாள். "படுத்தே கெடந்தா புடிச்சிக்கும் அங்கிள், மெதுவா நடந்துகினே இருங்க" என்றாள். அதைக் கேட்டுத்தான் சர்ச்சுக்கு நடந்தேன். நற்கருணைக்கு முழங்கால் போட்டபோது பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்கவில்லை, மற்றவர்கள் எழுந்து போனார்கள், எனக்குக் கால் வரவில்லை, வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார், பாடகர் குழு இன்னொரு சரணம் பாடியது, பின்னால் யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்போதுதான் நீ கையை நீட்டினாய்.

"ஏந்திரு மச்சான், போதும். பேரை வுட்டது என் தப்புதான். வர ஞாயித்துக்கெயம கொயந்தைக்கு ஞானஸ்நானம், நீதான் தூக்கிகினு நிக்கணும்."

வாயில் அப்பம் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றி வாங்கிய இடத்தில் நின்று பிள்ளையைத் தூக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நீ பார்த்தது மனந்திரும்புதல் அல்ல, தொடை. இது தெரிந்த பிறகும் என்னைக் கூப்பிடுவாயா என்று யோசித்துச் சொல். தபால் ஞாயிறுக்குள் வராது, ரெஜினாவிடம் கொடுத்தனுப்புகிறேன், பதிலை அவளிடமே சொல்லிவிடு. வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருத்தப்படுவேன்.

சாராளுக்கும் ஜெனிஃபருக்கும் என் அன்பு. பிள்ளைக்கு நீண்ட ஆயுசும், மாமன் வழியில் வராத முழங்காலும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மோசஸ்

பி.கு.: இதை சாராளிடம் காட்டாதே. அந்தச் சரணம் முடியும்போதே வலி விட்டிருந்தது, பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து நானே எழுந்திருக்கலாம். எல்லோரும் போன பிறகும் ஒரு ஜோடிக் கால் என் பக்கத்திலேயே நின்றது, அந்தக் கோணல் கட்டைவிரலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். நீ கை நீட்டுவாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.