ஜின்னு சாரும் ஏழாம் நம்பர் தூக்குவாளியும்

கள்ளக்குறிச்சியில் பிறந்தவர்கள், குடிவந்தவர்கள், பஸ் மாற இறங்கி டீ குடித்துவிட்டுப் போனவர்கள் என்று எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தாலும் ஜின்னு சார் மாதிரி ஒருத்தர் தேறமாட்டார். தான் செய்கிற வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் புரியவைக்காமல், அதே வேலைக்காக ஊர் முழுக்க மரியாதை வாங்கிய ஒரே மனிதர் அவர்தான்.

எங்கள் பாத்திரக்கடைக்கு மேலே ஒரு ரூம் இருக்கிறது. வாடகைக்கு யாராவது வந்தால், குடம் வாங்க வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரி எங்கள் அத்தா, நீங்கள் அப்பா என்பீர்கள், நாலு கேள்வி கேட்டுத் தட்டிப் பார்ப்பார். அன்றைக்கு வந்தவர் ஒல்லியாக இருந்தார். சட்டைப் பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். ஒரு கையில் லேப்டாப் பை, மறு கையில் தலையணை.

“இன்னா வேலைங்க?” என்றார் அத்தா.

“ஆராய்ச்சிங்க. ஜீன் கட்டுப்பாடு.”

அத்தாவின் காதில் அது ‘ஜின் கட்டுப்பாடு’ என்று விழுந்தது. எங்கள் வீட்டில் ஜின் என்றால் விளையாட்டில்லை. கண்ணுக்குத் தெரியாத படைப்பு அது, பேரைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். அத்தாவின் குரலும் இறங்கியது.

“எத்தினி கீதுங்க?”

“நான் பாக்கறது சாமைப் பயிருங்க. அதுலயே ஆயிரக்கணக்குல இருக்கும்.”

“அல்லாம் உங்க பேச்சக் கேக்குமா?”

“எங்கங்க கேக்குது! ஒண்ணு இன்னொண்ண எழுப்பும். அது வேற ஒண்ண அடக்கும். யாரு யார எழுப்பறாங்க, யாரு யார அடக்கறாங்கன்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன், அவ்ளோதாங்க.”

அத்தா அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். உள்ளே வந்து அம்மாவிடம், “மேல வந்துகிறவரு ஜின்னு பாக்கறவரு. கம்ப்யூட்டர்லயே பாக்கறாராம். மரியாதையா நடந்துக்கோ” என்றார். அன்றைக்கே ‘ஜின்னு சார்’ என்று பேர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பேர் வாடகைப் பத்திரத்தில் பத்திரமாகத் தூங்குகிறது.

எனக்கு விஷயம் அப்போதே தெரியும். நான் விலங்கியல் படித்தவள். ஜீன் என்றால் மரபணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையில் உட்கார்ந்து, விற்கிற சொம்புக்கும் தட்டுக்கும் மெஷினால் பேர் வெட்டிக்கொண்டே இருக்கிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் அம்மா அவருக்கு டீ எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மூன்றாவது படியில் கால் வைத்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

“டேய் நாலு, நீ ஏண்டா அடங்க மாட்ற? நீ அடங்கினாத்தான ஏழு எந்திரிப்பான்! ஏழு, கண்ணு, எந்திரிடா!”

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். டீயை மூன்றாவது படியிலேயே வைத்துவிட்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். அதற்கப்புறம் தினமும் டீ மூன்றாவது படிவரைதான் போகும். ஒரு வாரம் கழித்து ஜின்னு சார் என்னிடம் கேட்டார்.

“சிஸ்டர், டீய மூணாவது படியில வைக்கறது உங்க ஊர்ப் பழக்கங்களா?”

“ஆமா சார்.”

அவரும் காலி கிளாஸைக் கழுவி அதே மூன்றாவது படியில் வைக்க ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்தால் அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. ஒருநாள் கடைக்கு வந்து, விற்காமல் கிடந்த நசுங்கின தூக்குவாளி, சம்புடமாகப் பொறுக்கி ஒரு பன்னிரண்டு எடுத்தார். மூடி இருப்பதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்.

“பேர் வெட்டித் தர்றீங்களா சிஸ்டர்?”

“இன்னா பேர் சார்?”

“இதுக்கு நாலு. அதுக்கு ஏழு.”

மொட்டைமாடியில் பன்னிரண்டையும் பரப்பி, ஒன்றுக்கொன்று கயிறு கட்டினார். எழுப்புவதற்குப் பச்சைக் கயிறு, அடக்குவதற்குச் சிவப்பு. மூடி திறந்திருந்தால் விழித்திருக்கிறது, மூடியிருந்தால் தூங்குகிறது. உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூடிகளைத் திறப்பதும் மூடுவதும் திட்டுவதுமாக இருப்பார். பக்கத்து மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தெருவில் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களின் பணிவு என்று நினைத்து எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

வெள்ளிமலைக்கு அத்தா ஜீப்பில் பாத்திரம் கொண்டுபோவார். ஒரு தடவை ஜின்னு சாரும் ஏறிக்கொண்டார். வருஷக்கணக்கில் சாமையைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறாராம், நேரில் பார்த்ததேயில்லையாம். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. இருந்தும் சரிவில் சாமை வாடி வதங்கியபடி பிடிவாதமாக நின்றது. இவர் வரப்பில் குந்தி ஒரு சாமைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, “எப்படிடா தாங்கற?” என்று கேட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரியான கொல்லைக்காரம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாத்துக்குப் பயிராண்ட பேசறாரு?”

“ஜின்னு கீதான்னு பாக்கறாரு” என்றார் அத்தா, பெருமையாக.

“எங்க கொல்லையில அதெல்லாம் கெடையாது!”

“ஆயிரக்கணக்குல இருக்குதுங்கம்மா!” என்றார் ஜின்னு சார், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த அம்மா பதறிப்போனார். “அப்ப ஓட்டிவுட்டுட்டுப் போ சாமி.”

“ஐயோ, ஓட்டக் கூடாதுங்க! அதுங்க இருக்கறதாலதான் மழையில்லாமலும் உங்க சாமை நிக்குது.”

அந்த அம்மா கொல்லையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அப்ப இருந்துட்டுப் போவட்டும்” என்றார்.

இவ்வளவு கூத்துக்கு நடுவில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் வேடிக்கைக்காகத்தான். பிறகு ஒருநாள் அவரே கடையில் உட்கார்ந்து சொன்னார். ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம், கரும்பு வைக்கிற குடும்பம். டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று. அடுத்து போஸ்ட்டாக் என்கிற ஆராய்ச்சி வேலை கிடைக்க வேண்டும். விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இப்போது பெங்களூரில் ஓர் இடம் கூப்பிட்டிருக்கிறது. இதுவும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும், ஜீனையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு மச்சானின் ரைஸ்மில்லுக்குப் போவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“வூட்ல இருந்தா பாக்கறவங்க எல்லாம், ‘எப்பப்பா வேலைக்குப் போவ’ன்னு கேக்கறாங்க சிஸ்டர். உங்க ஊர்ல மட்டும்தான் நான் ஏற்கெனவே ஏதோ வேலை பாக்கற மாதிரி மரியாதை தர்றாங்க.”

இதைக் கேட்டபிறகு அது ஜின் இல்லை ஜீன் என்று விளக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்டர்வியூ ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீடியோவில். பத்தரைக்குக் கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம். ஊரே ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்த செய்தி. அவர்தான் ஏழாம் நம்பரை எழுப்பிக்கொண்டிருந்தாரே, எப்படித் தெரியும்? அவருடைய லேப்டாப்போ பிளக்கைப் பிடுங்கினால் மூச்சை விட்டுவிடுகிற ரகம். மாடல் என்று அவர் சொல்கிற படங்கள், கணக்குகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

அத்தா செல்போன் கடையில் இன்வெர்ட்டர் கேட்டு ஓடினார். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். ஜின்னு சார் மாடிப்படியில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். “போச்சு சிஸ்டர். ரைஸ்மில்தான்” என்றார்.

“என் போன்ல பேசுங்க சார்.”

“பேசிடலாம். மாடலக் காட்டணுமே?”

நான் மொட்டைமாடியைக் காட்டினேன். பன்னிரண்டு பாத்திரமும் கயிறோடு அங்கேயே இருந்தன.

போனை நான் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் பேச வேண்டும். மூடிகளைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். அத்தா இன்னும் வரவில்லை. கீழே அம்மா நின்றுகொண்டிருந்தார்.

எட்டு மாசமாக அம்மா மூன்றாவது படியைத் தாண்டியதில்லை. அன்றைக்கு ஒரு நிமிஷம் ஜின்னு சாரின் முகத்தைப் பார்த்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். “பிஸ்மில்லா” என்றார். மூன்றாவது படியில் கால் வைத்தார், நான்காவதிலும் வைத்தார், விறுவிறுவென்று மேலே வந்துவிட்டார்.

போனில் நாலு பேர் தெரிந்தார்கள். ஜின்னு சார் இங்கிலீஷில் ஆரம்பித்தார். நடுநடுவே அம்மாவைப் பார்த்து, “அம்மா, இப்ப தண்ணி கம்மியாவுது. ஒண்ணத் தொறங்க. ஒண்ணு நாலை எழுப்புது, நாலைத் தொறங்க. நாலு போயி ஏழ அடக்குது, ஏழ மூடுங்க” என்பார். பயிரை வளர்க்கிற ஜீன்தான் ஏழு. தண்ணீர் இல்லாத நேரத்தில் அது தூங்க வேண்டும், மழை வந்தால் விழிக்க வேண்டும்.

அம்மா ஒவ்வொரு மூடியையும் கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்மில்லா. ஆனால் ஒரு மூடிகூடத் தப்பாகத் திறக்கவில்லை.

கடைசியில் ஒருவர் சரியாக அடிமடியிலேயே கைவைத்தார். மழை வந்தபிறகும் ஏழு மூடியே இருக்கிறதே, உங்கள் மாடலில் அது ஏன் விழிக்கவில்லை என்று கேட்டார்.

“தெரியலைங்க” என்றார் ஜின்னு சார், பதற்றத்தில் தமிழிலேயே. பிறகு இங்கிலீஷில் சொன்னார்: பல மாசமாக எழுப்புகிறேன், எழ மாட்டேன் என்கிறது, விடை தெரிந்திருந்தால் உங்களிடம் வேலை கேட்டிருக்க மாட்டேன், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வேலை வேண்டும்.

அந்த நாலு பேரில் ஒரு பெண் தமிழில், “மூடி தொறந்தாங்களே, அவங்களும் ஆராய்ச்சி பண்றவங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, ஹவுஸ் ஓனரம்மா.”

“ரொம்பக் கவனமா செய்யறாங்க” என்றார் அந்தப் பெண். அதே நேரம் அத்தா இன்வெர்ட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்றைக்கு அவருக்கு ஒரு டிபன் கேரியர் கொடுத்தோம். வழக்கம்போலப் பேரை நான்தான் வெட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்தார்.

“சிஸ்டர், ஒரு சுழி விட்டுப்போச்சு. ‘ஜீ’ வரணும். நீங்க ‘ஜின்னு சார்’னு வெட்டிட்டீங்க.”

இனிமேலும் மறைப்பது பாவம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தா சாவி கொடுத்தது, சைக்கிளிலிருந்து இறங்கினவர்கள், மூன்றாவது படி, எல்லாம். அவர் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

“அப்ப அன்னிக்கி அம்மா மூடியத் தொறந்தாங்களே...”

“உள்ள ஜின்னு கீதுன்னு நெனச்சுக்கினுதான் சார் தொறந்தாங்க. ஒவ்வொண்ணையும்.”

அவர் டிபன் கேரியரைக் கீழே வைத்தார். அடுப்படி வாசலில் போய் நின்றார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “அம்மா, இன்னொரு டீ கெடைக்குங்களா?” என்று மட்டும் கேட்டார். விட்டுப்போன சுழியைப் போட நான் மெஷினை எடுத்தபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

அவர் போனபிறகு அம்மாவிடமும் சொன்னேன். “அது ஜின்னு இல்லம்மா, ஜீனு. எல்லா உசுரோட உடம்புலயும் இருக்கறது.”

“நம்ம உடம்புலயுமா?” என்று கேட்ட அம்மா, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் விளக்க நான் முயற்சி செய்யவில்லை.

மற்ற பாத்திரங்கள் கடைக்குத் திரும்பின. ஏழாம் நம்பர் தூக்குவாளியை மட்டும் அம்மா தரவில்லை. “அது தூங்கிக்கினு கீது. அவரு வந்து எழுப்புவாரு” என்று மேல் ரூம் ஜன்னலிலேயே வைத்துவிட்டார்.

போன மாசம் ஒரு மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் கத்தல்: “சிஸ்டர்! அம்மாகிட்ட சொல்லுங்க, ஏழு எந்திரிச்சிட்டான்!”

சொன்னேன். அம்மா உடனே மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். தூக்குவாளியை ஜன்னலிலிருந்து இறக்கி, கண்ணைத் திறந்துகொண்டே மூடியைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்து, “இப்பத்தான் எந்திரிக்கத் தோணுச்சா ஒனக்கு? அந்தப் புள்ளைய எத்தினி நாளு அலைய வுட்ட!” என்று அதட்டினார். பிறகு கீழே வந்து டீ போட்டார். மூன்றாவது படியில் நிற்காமல் நேராக மேலே கொண்டுபோய், திறந்திருந்த தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.