ஏஸை எறிஞ்ச பையன்

விழுப்புரம்,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய சித்தப்பா விருத்தாசலம் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன் தென்னரசு எழுதுவது. அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். ஓசூரில் நீங்களும் சித்தியும் நன்றாகவே இருப்பீர்கள். அறிவுரை சொல்கிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் பேசுவீர்கள். அதனால் கடிதம்.

திண்டிவனத்தில் கலைப்பிரியா வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன். தனியாக. அவள் அப்பா சுப்பராயலு பரந்த மனசுக்காரர். அவரே சொன்னார். "நாங்க ஜாதியெல்லாம் பாக்கறதில்ல தம்பி. ஆளு எப்படின்னு பாப்போம். ஒக்காருங்க, ஒரு கை போடலாம்." ஞாயிறானால் அந்த வீட்டில் சீட்டு. ரம்மி அல்ல, போக்கர். கோவாவில் ஓட்டல் வேலை பார்த்துத் திரும்பிய அவர் மச்சான் திருமுருகன் கொண்டுவந்த நாகரிகம். பந்தயம் காசல்ல, தோல் உரிக்காத மல்லாட்டைக் கடலை. ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, அதுவும் மூன்று தடவைக்கு மேல் கூடாது என்பது கலைப்பிரியாவின் அம்மா வெள்ளையம்மாள் போட்ட சட்டம். நீங்கள் லிமிட் போக்கர் என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

உங்கள் பாடம் எனக்கு மனப்பாடம். கையில் வருவது இரண்டு சீட்டு. ஏஸும், ஆட்டீனோ இஸ்பேட்டோ, அதே இனத்தில் ஒரு சின்னச் சீட்டும் வந்தால், ஆட்டத்தில் நிறைய பேர் இருந்து, பேச்சு கடைசியாக உன்னிடம் வந்தால் ஆடு. பொதுவாகத் தரையில் போடும் ஐந்தில் உன் இனம் மூன்று விழுந்தால் உன்னை அசைக்க ஆளில்லை. ஆள் குறைவு, முதல் பேச்சு உன்னுடையது என்றால் எறி. ஏஸ் முகத்தைப் பார்த்து மயங்காதே. இரண்டும் வேறு வேறு இனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எறி.

கடைசி விதியைச் சுப்பராயலு எங்கே படித்தார் என்று தெரியவில்லை.

எனக்கு ஆட்டீன் ஏஸ், ஆட்டீன் அஞ்சு. ஆடுவது நான்கே பேர். முதல் பேச்சு என்னுடையது. எறிந்தேன். உங்கள் பாடத்தில் இல்லாத ஒன்று அப்போது நடந்தது. அந்த வீட்டில் ரம்மிப் பழக்கம் இன்னும் போகவில்லை. எறிந்த சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணையன் திருப்பினார்.

"யோவ், ஏஸுய்யா!"

"கூடவே ஒரு ஆட்டீனையும் வெச்சிக்கினு எறிஞ்சிக்கிறாரு பாரு," என்றார் திருமுருகன்.

தரையில் ஐந்து சீட்டு விழுந்தன. மூன்று ஆட்டீன். ஏன் எறிந்தேன் என்று நான் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். சுப்பராயலு கையை உயர்த்தினார்.

"கணக்கு கெடக்கட்டும் தம்பி. கைக்கு வந்த ஏஸையே காப்பாத்தத் தெரியல. எம் பொண்ண எப்படிக் காப்பாத்துவீங்க?"

அவர் முகத்தில் நிம்மதி. வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதி.

பாசஞ்சர் ரயில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று நின்று நின்று விழுப்புரம் வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது சித்தப்பா, ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கிறேன், முன்னே பின்னே பார்க்காத ஒருத்தர் "நீதானப்பா ஏஸை எறிஞ்ச பையன்?"னு கேக்கிறாரு, வீட்டுக்குப் போனா அம்மா சோறு போடாம "வந்ததை எவனாவது எறிவானாடா?"ங்குது, அதுக்கு சீட்டுன்னாலே என்னன்னு தெரியாது, சரி உங்களைக் கேப்போம்னு போன் பண்ணா நீங்க சிரிச்சிக்கினே "இடம் சரியில்லடா, அடுத்த வாட்டி கூட்டம் சேரட்டும், கடைசிப் பேச்சு வரட்டும், அப்ப ஆடு"ன்னு வெச்சிட்டீங்க, ஜல்தியா வெச்சிட்டீங்க, பேஜாரு எனக்குத்தான்.

கூட்டம் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி திண்டிவனம் போனேன்; ஏஸை எறிந்த பையனைப் பார்க்கவே அவர்கள் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பார்த்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் ஆடினார்கள். எனக்கு இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் நாலு. ஒருவரும் எறியவில்லை. பேச்சு கடைசியாக என்னிடம். உங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

தரையில் மூன்று இஸ்பேட். சுப்பராயலு இரண்டு மல்லாட்டை ஏற்றினார். நான் இரண்டு. அவர் மறுபடி. வெள்ளையம்மாள் சமையலறையிலிருந்து, "அவ்ளோதான். லிமிட்டு முடிஞ்சுது" என்றார். சீட்டைத் திருப்பினோம். அவரிடம் இஸ்பேட் ராஜாவும் இன்னொரு இஸ்பேட்டும். என்னிடம் ஏஸ்.

குவியல் என் பக்கம் வந்தது. கண்ணையன் ஒரு மல்லாட்டையை உடைத்தார். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"பெரியவங்க ஏத்தினா கூடவே ஏத்தறான் பாரு," என்றார் சுப்பராயலு. முதல் தடவை இருந்த மரியாதை 'ங்க' இப்போது இல்லை. "இன்னிக்கு மல்லாட்டை. நாளைக்கு நெலம். வேணாம்ப்பா, ஒத்துவராது. நாங்க ஜாதியெல்லாம் பாக்கல. சீட்டைத்தான் பாத்தோம்."

எறிந்தால் கையாலாகாதவன். ஆடினால் பேராசைக்காரன். நடுவில் இன்னொரு வழி இருந்தால் எழுதுங்கள். ஓசூரில் அதற்கும் ஒரு விதி வைத்திருப்பீர்கள்.

முடிவாகச் சொல்கிறேன். சீட்டை விட்டுவிட்டேன். கலைப்பிரியாவும் நானும் பேசினோம், கல்யாண எண்ணத்தையும் எறிந்துவிட்டோம். இனி இது பற்றி யாரும் கேட்க வேண்டாம். அடுத்த பாடமும் வேண்டாம்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் காலில் விழுந்து கும்பிடுகிறேன். அப்படியாவது கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பீர்கள்.

இப்படிக்கு,
எறிந்தும் ஆடியும் தோற்ற உங்கள் மகன்,
தென்னரசு.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். கலைப்பிரியா எடுத்துப் படித்துவிட்டாள். "எறிஞ்சிட்டோம்னு எழுதிக்கிறியே, யாரு எறிஞ்சது? நீ எறிஞ்சே. நான் கையில வெச்சிக்கினுதான் இருக்கறேன்" என்றாள். பிறகு, "உங்க சித்தப்பா சொன்னது சரிதான். எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க. இப்பதான் நம்ம பேச்சு" என்றாள். பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. சாட்சிக்கு மூன்று பேர் போதுமாம். முதல் கையெழுத்து வெள்ளையம்மாளுடையது. நான் ஜெயித்த மல்லாட்டையை வேகவைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சித்தியையும் தெருவில் கிடைக்கிற அத்தனை பேரையும் வண்டி பிடித்துக் கூட்டி வாருங்கள். நிறைய பேர் இருந்தால்தான் இந்தச் சீட்டை ஆட வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான்.