சூரியத் தகட்டுக்கு ஒரு ரெக்சின் உறை

ஒரு பொருளை மேசைமேல் வைப்பதற்கு முன்னால் மேசையை 'ஊ' என்று ஊதிவிட்டு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் 1993-லிருந்து பார்த்துவருகிறேன். திண்டிவனம் மார்க்கெட் பக்கத்தில் என் தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கத்தான் திறந்தேன். இந்த ஊதுகிற இனம் வந்து வந்து, அது உறை தைக்கிற கடையாகிவிட்டது. இவர்களுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர் உறையர்.

உறையர் டி.வி. வாங்கினால் டி.வி.க்கு ஓர் உறை, டி.வி. மேல் உட்கார்ந்திருக்கிற பொம்மைக்கு ஓர் உறை, ரிமோட்டுக்குக் கண்ணாடித் தாளில் உறை, அந்தத் தாள் நழுவாமலிருக்க இரண்டு ரப்பர் பேண்டு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக் குஞ்சம் வைத்த உறை, மிக்சிக்கு, கிரைண்டருக்கு, சூட்கேசுக்கு, சோபாவுக்கு, சோபாவின் உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் விரிக்க ஒரு துண்டு என்று தைத்துக்கொண்டே போவார். சரி, அந்தச் சோபாவில் எப்போது உட்காருவார்? உட்கார மாட்டார். கீழே பாய் விரித்து, சோபாவில் முதுகு சாய்த்துக்கொள்வார். "புதுசுங்க" என்பார். வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அளவு எடுக்கும்போது உறையர்கள் நிறையப் பேசுவார்கள். வாயில் குண்டூசி வைத்திருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. எனக்கும் அது வசதி.

உறையர்களில் உயர்ந்தவர் என்றால் மரியஅந்தோணி சார்தான். கூட்டேரிப்பட்டு தாண்டி விழுப்புரம் போகிற சாலையில் இருக்கிற ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நல்ல மனிதர். பாடம் நடத்தினால் மரமண்டைக்கும் ஏறும் என்பார்கள். ஆனால் கருவியைப் பிள்ளைகள் தொட்டால் அவருக்கு உடம்பெல்லாம் பதறும். வீட்டிலும் அப்படித்தான். டி.வி. உறையை முழுதாகக் கழற்ற மனசு வராமல் நெற்றிவரைக்கும் சுருட்டிவிட்டுத்தான் பார்ப்பாராம். அவர் மனைவி அக்னஸ் அக்கா என்னிடம் சொன்னார்: "எங்க வூட்ல மட்டும் நியூஸ் படிக்கிற பொண்ணு முக்காடு போட்டுக்கினு வருது."

கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு மூன்று உறை தைத்தேன். ஒரு பையன் தொடுவான், நாற்பது பேர் எட்ட நின்று பார்ப்பார்கள். அந்த ஒரு பையனும் கை கழுவிவிட்டு வர வேண்டும். பிறகு சூரிய மின்சாரம், காற்றாலை மின்சாரம் எல்லாம் பாடத்தில் வந்தன. அதற்கு வாங்கிய கருவிகள் கண்ணாடி பீரோவுக்குள் போயின. பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று காற்றாலையைப் பார்த்தார்கள். காற்றாலை கண்ணாடிக்கு உள்ளே நின்று பிள்ளைகளைப் பார்த்தது. இரண்டு பக்கமும் அசைவில்லை.

2012 வாக்கில் ஒருநாள் சார் கடைக்கு ஓடிவந்தார்.

"தங்கச்சி, இனிமே லேபு இண்டர்நெட்டுல நடக்கப் போவுது!"

விஷயம் இதுதான். கல்லூரி மொட்டை மாடியில் ஒரு சூரிய மின்தகட்டை வைப்பார்கள். அடியில் ஒரு சின்ன மோட்டார், எதிரே ஒரு கேமரா. எல்லாம் இண்டர்நெட்டோடு இணைந்திருக்கும். பிள்ளைகள் தங்கள் ஊரிலிருந்தே கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கித் தகட்டை இப்படி அப்படிச் சாய்த்து, எந்தச் சாய்வில் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கருவி வாங்க முடியாத கல்லூரிப் பிள்ளைகளும் சோதனை செய்யட்டும் என்று யாரோ நல்ல மனசுக்காரர்கள் யோசித்தது. சாரின் காதில் அதில் ஒரே ஒரு விஷயம்தான் விழுந்திருந்தது.

"ஒரு பையன் கைகூட படாது தங்கச்சி. ஒரு பையன்!" என்றார். கண் கலங்கியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு சொன்னார். ரெக்சினில் வெளியுறை, உள்ளே தடியான கறுப்பு லைனிங். பக்கத்துப் பிரவுசிங் சென்டர் திருமுருகன் அப்போது என் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் சார், அது வெயில்லதான வேலை செய்யும்?"

"வேலை செய்யறப்ப கழட்டிடுவோம்பா. மத்த நேரத்துல எதுக்கு அது வெயில்ல காயணும்? பாவம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அது தலையத் திருப்பும். கொஞ்சம் லூசா தைங்க."

லூசாகத் தைத்தேன். கேமராவுக்கு ஒரு குல்லாவும் தைத்தேன்.

இப்படியாக, எந்த ஊரிலிருந்தும் யாரும் தொடாமல் இயக்கக்கூடிய நவீன ஆய்வுக்கூடம் ஆரம்பமானது. அதன் முதல் விதி, வாட்ச்மேன் துரைக்கண்ணுவுக்கு போன் போடவும் என்பது. போன் போனால் அவர் மாடி ஏறிக் குல்லாவை எடுத்து, உறையைக் கழற்றுவார். சோதனை முடிந்ததும் மறுபடி ஒரு போன். மறுபடி ஏறி மாட்டுவார். வேலூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் "அண்ணே, கழட்டுங்கண்ணே" என்று கெஞ்ச, "சாப்ட்டுக்கினு இருக்கேன், இரு" என்று இவர் சொல்ல, சூரியசக்திக் கல்வி துரைக்கண்ணுவின் முழங்கால் பலத்தில் நடந்தது. போன் போடாத பிள்ளைகள் பட்டனை அமுக்கினால், தகடு உறைக்குள்ளேயே தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்ளும்.

அதுவும் நீடிக்கவில்லை. ஒருநாள் கடலூர்ப் பெண் ஒருத்தி சாருக்கே போன் செய்து, "சார், பேனல் மேல ஏதோ பழுப்பா முண்டு முண்டா இருக்குது, அது என்ன டெக்னாலஜி சார்?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் மல்லாட்டை, வேர்க்கடலைதான். தளத்தில் போட்டால் எறும்பு வருகிறது என்று துரைக்கண்ணு அதைத் தகட்டின்மேல் காயப் போட்டிருந்தார். சார் அன்றிரவு சாப்பிடவில்லை என்று அக்னஸ் அக்கா சொன்னார். மறுநாள் உறையைக் கொண்டுவந்து ஜிப்பு வைக்கச் சொன்னார். ஜிப்பின் முனையில் சூட்கேசுக்குப் போடுகிற சின்னப் பூட்டு. சாவி அவர் கழுத்துப் பட்டியில் தொங்கியது. பிள்ளைகளுக்கு முறை இருக்கிற நேரத்தில் அவரே போய்த் திறப்பார்.

இந்தச் சமயத்தில்தான் கலைப்பிரியாவின் முறை வந்தது. காணைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் சித்தி வீட்டில் தங்கி, சாரிடமே கடைசி வருஷம் படித்தாள். புதுச்சேரியில் சோலார் பம்பு கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இந்தப் பிராக்டிகல் தேறினால் ஜூனில் சேரலாம். தேறாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். ஆளுக்கு ஒரே ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் வருகிற அளவு நேராக மெட்ராசில் மார்க் போடுகிறவர்களின் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பிறகு யாரும் திருத்த முடியாது. அவளுக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை உச்சிவெயில் நேரம். திருமுருகனின் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்தாள்.

அதே நேரத்தில் சார் என் கடைக்கு வந்தார். மேசையை ஊதினார். பூட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

"மாடியில இருக்கிறதோட ஜோடி இது. அளவு எடுத்துக்குங்க. மழை வந்தா பூட்டு துரு ஏறிடும். அதுக்கு ஒரு உறை."

உறைக்குப் பூட்டு. பூட்டுக்கு உறை. நான் டேப்பை எடுத்தேன்.

என் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் கலைப்பிரியாவின் குரல் கேட்டது. "சைபர்... இந்தப் பக்கம் சாச்சாலும் சைபர்... அண்ணே, உங்க நெட்டு சரியில்லண்ணே."

"நெட்டு நல்லா போய்க்கினு இருக்குது. உங்க சூரியன்தான் பேஜாரு" என்றார் திருமுருகன்.

அவள் துரைக்கண்ணுவுக்கு போன் போட்டாள். "பாப்பா, சாவி சாருகிட்ட கீது. சாரு இன்னிக்கு வர்ல" என்றார் அவர். தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், என் கடையில் சாரைப் பார்த்துவிட்டாள்.

"சார்! நீங்க இங்கயா இருக்கீங்க? என் ஸ்லாட்டு ஓடிக்கினு இருக்குது சார்!"

சார் திகைத்தார். "இன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமைம்மா. லீவாச்சே."

"சூரியனுக்கு ஏது சார் லீவு?"

"பதறாத. பழைய ரீடிங்கு எங்கிட்ட இருக்கு. அதைப் பார்த்து..."

"எழுதுறதுக்கு இல்ல சார், மெட்ராசுல சைபர் சைபர்னு தானா ஏறிக்கினு இருக்கு. வேலை போயிடும் சார்."

சாரின் முகம் மாறியது. பிள்ளைகள்மேல் பிரியம் இல்லாத மனிதர் இல்லை அவர். "ஸ்கூட்டர்ல போய்த் திறந்துடுறேன்" என்று எழுந்து ஓடினார். ஸ்கூட்டர் வாசலில் உறைக்குள் நின்றது. குனிந்து நாடாவை அவிழ்த்தார். முன் சக்கரத்தில் ஒரு முடிச்சு, பின் சக்கரத்தில் இரண்டு. உறையை உருவினார். உதறினார். நான்காக மடித்தார். ஓரம் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

"மடிக்காம வாங்க சார்!" என்று கலைப்பிரியா கத்தினாள். "நீங்க மடிச்சி முடிக்கறதுக்குள்ள என் நேரமே முடிஞ்சிரும். கிழிக்கச் சொல்லுங்க சார்!"

"எதை?"

"உறையை!"

சார் என்னைப் பார்த்தார். நான் தைத்த உறை அல்லவா, அனுமதி கேட்கிறார் போலிருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். போனை எடுத்தார். போன் அதன் உறைக்குள் இருந்தது. கலைப்பிரியாவே உருவிக் கொடுத்தாள்.

"துரைக்கண்ணு... மாடிக்குப் போ. ஜல்தி. அந்த உறையை... கிழிச்சிடுப்பா." கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. "கத்திரிக்கோல் இருக்கா?"

"கத்திரி இல்லீங்க சார். அருவா கீது."

"அருவாவா? ஐயோ, பாத்துடா! பேனல் புதுசுடா!"

எல்லாரும் பிரவுசிங் சென்டருக்குள் ஓடினோம். நான்கூட. கலைப்பிரியா நாற்காலியில் பாய்ந்தாள். திரை இருட்டாக இருந்தது. குல்லா கழன்றது. திரை நிறையத் துரைக்கண்ணுவின் மீசை. பிறகு அவர் முதுகு. அருவாள் ஏறி இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் சார் கண்ணை மூடித் திறந்தார். என் தையல் லேசில் பிரியவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அது நேரமில்லை.

உறை விழுந்தது. சைபர் ஐந்தானது. அங்கேயே நின்றது.

"ஏறலையே!" என்றாள் கலைப்பிரியா. போனை வாங்கி, "அண்ணே, நகருங்கண்ணே! உங்க நெழல்தான் விழுது!" என்றாள்.

துரைக்கண்ணு இடப்பக்கம் நகர்ந்தார். நிழலும் நகர்ந்து தகட்டின்மேலேயே நின்றது. "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" என்று நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக் கை காட்டினோம். அது அவருக்கு எப்படித் தெரியும்?

"உக்காருய்யா!" என்று சார் போனுக்குள் போட்ட சத்தத்தில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

துரைக்கண்ணு உட்கார்ந்தார். எண் பதினேழுக்கு ஏறியது. கலைப்பிரியா பட்டனை அமுக்கினாள். தகடு, திரும்ப மாட்டிக்கொள்ள ஓர் உறை இல்லாமல், மெதுவாகச் சூரியனைப் பார்த்துத் திரும்பியது. பதினெட்டு. பதினெட்டரை. அவள் கை அதற்குப் பிறகு நிற்கவில்லை. தன் நேரம் முடிகிறவரை ஒவ்வொரு சாய்வாகப் பார்த்து முடித்தாள்.

சார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இதுவரை உறையைத் திறந்து மூடியதோடு சரி, இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியதைத் திரையில் இப்போதுதான் வேலை செய்யப் பார்க்கிறார். வாய் திறந்திருந்தது. ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"ஓரத்துல தூசி தெரியுதில்ல?" என்றார்.

கலைப்பிரியா தேறினாள். ஜூனில் வேலைக்குச் சேர்ந்தாள். குயிலாப்பாளையம் பக்கம் கிணறு கிணறாகப் போய் சோலார் பம்பு மாட்டுகிறாள் என்று கேள்வி. சார் ஓய்வு பெற்றுவிட்டார். மாடித் தகட்டுக்கு மட்டும் அவர் திரும்ப உறை கேட்கவே இல்லை. வழியனுப்பு விழாவில் கொடுத்த சுவர்க் கடிகாரத்துக்குக் கேட்டார். மணி பார்க்க முன்பக்கம் ஒரு ஜன்னல் விட்டுத் தைத்தேன். ஜன்னலுக்கு ஒரு மூடியும் வேண்டும் என்றார். தைத்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போனின் கண்ணாடிமேல் கடையிலிருந்து ஒட்டிவந்த தாள் ஓரத்தில் தூக்கிக்கொண்டதே, பிரித்துப் போட்டீர்களா, விரலால் அமுக்கி விட்டீர்களா? புது வண்டி சீட்டின் பாலிதீனை எடுத்தாயிற்றா? விருந்தாளிக்கென்று வைத்த பீங்கான் தட்டில் இதுவரை எந்த விருந்தாளியாவது சாப்பிட்டதுண்டா? இதை வாசிக்கிற புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருக்கிறீர்களா? நான் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர்களிடம் எதற்கு என்று நான் கேட்பதும் இல்லை, லூசாகத் தைத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்போது ஜாக்கெட் தைக்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை. உறைகளுக்கென்றே வீரம்மாளை உதவிக்குச் சேர்த்திருக்கிறேன். வியாபாரம் நன்றாகப் போகிறது.