மரங்கொத்தியின் மூக்கு

1931 மார்ச் 14ஆம் தேதி காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தொழிற்சாலையின் வடக்கு வாசலிலிருந்து மூன்றாம் எண் வண்டி புறப்பட்டது. அதன் பானெட் கொக்கியைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுநாள் மாலை அதே வாசலுக்கு வண்டி திரும்பியபோது முத்திரை உடையாமல் இருந்தது.

அந்த முத்திரை இந்தப் புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு உடைந்தது. உடைத்தவர், அதைக் காப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆவணக் காப்பாளர்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பார்வையாளர் கையேட்டில் முத்திரையின் குறுக்களவு நான்கு சென்டிமீட்டர் என்று அச்சாகியிருந்தது. மூன்றே முக்கால்தான் இருக்கும் என்று அவருக்கு நீண்ட நாள் சந்தேகம். தலைமை அலுவலகக் காட்சிக் கூடத்தில் வண்டியைச் சுற்றியிருந்த தடுப்புக் கயிற்றை இரும்பு ஸ்கேலோடு தாண்டி உள்ளே போனார். மூன்றே முக்கால்தான். அந்தச் சந்தோஷத்தில் நிமிரும்போது ஸ்கேலின் முனை இடித்தது. முத்திரை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி அவர் செருப்பின் மேல் விழுந்தது.

அலுவலகத்தில் அவருக்குத் ‘தேதி சார்’ என்று பெயர். யாராவது “போன மாசம்” என்றால் “போன மாசம் எந்தத் தேதி?” என்பார். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதியதில்லை. அவருடைய வேலை நியமன உத்தரவின் முதல் வரியே ‘முத்திரையைப் பாதுகாத்தல்’ என்பதுதான். ஒன்பது வருடங்களாகத் திங்கட்கிழமைதோறும் பதிவேட்டில் ‘முத்திரை நலம்’ என்று எழுதித் தேதியிட்டு வருகிறார். அவருக்கு முன் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

கம்பெனியின் பெயரே அந்த முத்திரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுவனர் அடிப்படையில் தச்சர். நாற்காலி செய்துகொண்டிருந்தவர், மரத்தில் வண்டிக் கூண்டு செய்யத் தொடங்கிப் பிறகு முழு வண்டியே செய்தார். அதனால் சின்னம் மரங்கொத்தி. முத்திரை ஓட்டத்துக்குப் பிறகு, விற்கிற ஒவ்வொரு வண்டியின் பானெட்டுக்கும் சீல் வைத்துத்தான் கொடுத்தார்கள். கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும். நீதிபதிகள், அறுவை மருத்துவர்கள், சர்க்கரை ஆலை முதலாளிகள் எல்லாம் பத்து வருடம் வண்டி வைத்திருந்தும் என்ஜினைக் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்பது மற்ற வண்டிக்காரர்களின் தலையெழுத்து.

வெள்ளிக்கிழமை பழைய வண்டிகள் சங்கத்தின் தலைவர் வருகிறார். முத்திரையைப் பரிசோதித்து, உலகத்திலேயே அதிக காலம் திறக்கப்படாத பானெட் என்று சான்றிதழ் கொடுப்பார். கட்டடத்தின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு விளம்பரப் பலகை கட்டியாகிவிட்டது. ‘திறக்க அவசியம் வரவில்லை.’

தேதி சார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தூரத்தில் கண்ணாடியக்கா மட்டும் முதுகைக் காட்டியபடி வாசல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடமாக அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மேசையிலிருந்து உடனடிப் பசையை எடுத்துவந்து இரண்டு துளி விட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து ஆள்காட்டி விரலால் அழுத்தினார். முத்திரை ஒட்டிக்கொண்டது. விரலும் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து முதலாளியம்மா வந்தார். நிறுவனரின் பேத்தி. பின்னால் ஒரு புகைப்படக்காரர்.

“என்ன தேதி சார், வண்டிக்குக் காய்ச்சலா? நெத்தியில கை வெச்சுப் பாக்குறீங்க?”

“இல்லம்மா... வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்னு...”

“நல்லதாப் போச்சு. அப்படியே நில்லுங்க. ஒரு போட்டோ.”

“சார், கையை எடுத்தீங்கன்னா முத்திரையும் படத்துல விழும்” என்றார் புகைப்படக்காரர்.

“கையை எடுக்க முடியாது.”

“ஏன் சார்?”

“பிளாஷ் வெளிச்சம் அரக்குக்கு ஆகாது.”

முதலாளியம்மா புகைப்படக்காரரைப் பெருமையாகப் பார்த்தார். “பாத்தீங்களா? இதுக்குத்தான் விஷயம் தெரிஞ்சவங்க வேணும்ங்கிறது. எங்க தாத்தா கையால வெச்சதுன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான் சார். நீங்க இருக்கீங்கன்னு நான் நிம்மதியா இருக்கேன்.”

அவர்கள் போன பிறகு விரலைப் பிடுங்கினார். விரல் வந்தது. முத்திரையும் வந்தது, பொடிப்பொடியாக. கயிறும் அறுந்துபோயிற்று. இப்போது பானெட்டைத் திறப்பதற்குத் தடையாக இருந்தது அவருடைய பயம் ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் எதற்கும் ஆதாரம் கேட்டவர், அதை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை.

பெட்டக அறையில் பழைய முத்திரை அச்சு இருந்தது. ஒரு பஞ்சுப் பொதிக்குள் பித்தளை அச்சு. கூடவே ஒரு குறிப்பு: ‘1958 ஜூலை 2. அச்சு கை தவறிக் கீழே விழுந்தது. மரங்கொத்தியின் அலகு உடைந்தது.’ பார்த்தால் உண்மைதான். பறவை மரத்தைப் பிடித்துக்கொண்டு மொட்டை முகத்தோடு நின்றது.

அரக்கு வாங்கப் போன எழுதுபொருள் கடையில் கடைக்காரர் ஏணி போட்டு ஏறி ஒரு டப்பாவை இறக்கினார்.

“இந்தக் காலத்துல யார் சார் அரக்கு வாங்குறா? ஆனா பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எவராவது முகம் வெளிறிப்போய் வந்து கேக்குறாங்க. அவங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்.”

தேதி சார் தம் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மாலை அச்சை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறையில் மெழுகுவத்தி ஏற்றிப் பழகினார். மனைவி வந்து பார்த்தபோது ஏழு தட்டுகளில் ஏழு மொட்டைப் பறவைகள்.

“இது என்ன, கோழிக்குஞ்சா?”

“மரங்கொத்தி.”

“மூக்கு எங்க?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி உட்கார்ந்து கேட்டார்.

“நேரா போய் உடைஞ்சுடுச்சுன்னு சொல்லிடுங்களேன்.”

“சொல்லலாம். வேலை போனாக் கூடப் பரவாயில்ல. அவங்க தாத்தா ஞாபகமா இருந்த ஒரே பொருளை, அளவு எடுக்கிறேன்னு போய் நான் உடைச்சேன்னு அந்தம்மா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?”

“சரி, அப்ப இந்தக் குஞ்சையே வெச்சிடுங்க.”

“அது எப்படி? அச்சு உடைஞ்சது 1958ல. முத்திரை வெச்சது 1931ல. அப்ப முத்திரையில அலகு இருந்திருக்கணும்.”

“ஒன்பது வருஷமா தினம் பாக்குறீங்க. மூக்கு இருந்துதா, இல்லையா?”

தேதி சார் கண்ணை மூடி யோசித்தார். தடுப்புக் கயிறு ஞாபகம் வந்தது. பெயர்ப் பலகையில் இருந்த ஒரு ஒற்றுப்பிழையும், அதைத் திருத்திய தேதியும் ஞாபகம் வந்தன. பறவையின் முகம் மட்டும் வரவில்லை.

“இருந்திருக்கணும்” என்றார்.

“நான் கேட்டது கண்ணால பாத்தீங்களான்னு.”

“ஆதாரத்தைவிடக் கண்ணு பெருசா?”

“நான் முடியை வெட்டிக்கிட்டு வந்து ரெண்டு மாசமாச்சு. அதையும் ஏதாவது ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சாத்தான் உங்களுக்குத் தெரியும் போல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே வெட்டியிருந்தது.

வியாழக்கிழமை ஆவண அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அரக்கை உருக்கினார். நான்காவது நிமிடம் மேல்கூரையிலிருந்த கருவி புகையை முகர்ந்துவிட்டது. கட்டடம் முழுக்கத் தீ எச்சரிக்கை மணி அலறியது. ஆறு மாடி ஜனமும் படியில் இறங்கி வெளியே ஓடியது. ஓட்டச் சத்தம் அடங்கியதும்தான் அவருக்கு உறைத்தது: கூடத்தில் இப்போது ஈ, காக்கை இல்லை.

ஒரு கையில் அரக்குக் கரண்டி, ஒரு கையில் அச்சு. வண்டியிடம் ஓடினார். புதுக் கயிறு கட்டினார், அரக்கு ஊற்றினார், அச்சைப் பதித்தார். பிறகு ஊசி முனையில் துளி அரக்கெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பறவைக்கு அலகு வைத்தார். மேலே கொஞ்சம் புழுதியைத் தேய்த்து, கரண்டியையும் அச்சையும் வண்டிக்கு அடியில் தள்ளினார். 1931 திரும்ப வந்ததுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவருக்கு, செக்யூரிட்டியும் முதலாளியம்மாவும் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“எல்லாரும் உயிரைக் காப்பாத்திக்க ஓடினாங்க. நீங்க ஒருத்தர்தான் வண்டியை விட்டு நகரல.” முதலாளியம்மாவின் குரல் தழுதழுத்தது. “நாளைக்கு முத்திரையைச் சங்கத் தலைவர்கிட்டக் காட்டப்போறது நான் இல்ல சார். நீங்கதான். அதோட சரித்திரத்தையும் நீங்களே பேசுறீங்க.”

“அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்...”

“நாளைக்குச் சொல்லுங்க. மைக் வெச்சே சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. தேதி சார் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொரு தேதியும் சரியாக இருந்தது. ஆனால் ‘அன்று வைத்த இதே முத்திரை’ என்ற இடம் வந்தபோது பேச்சை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். அதுவரை பேசியதில் ஆதாரமில்லாத வரி ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்தார். வரியையும் சொன்னார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

சங்கத் தலைவர் உயரமான, ஒல்லியான மனிதர். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியையும் ஒரு பழைய புகைப்படத்தையும் எடுத்தார்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானே வந்து எடுத்த படம். ஒப்பிட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

குனிந்தார். முத்திரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்ப முத்திரையைப் பார்த்தார்.

“ஒரு சின்ன சந்தேகம். என் படத்துல இருக்கிற பறவைக்கு அலகு இல்ல. இதுக்கு இருக்கு.”



“அலகு எப்படி சார் புதுசா முளைக்கும்?” என்றார் முதலாளியம்மா. சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை.

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

எல்லோரும் தேதி சாரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் திறந்தார்.

“கொஞ்சம் வழி விடுங்க சார்.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாடியக்கா வந்தார், கையில் ஈரத் துணியோடு. “தூசிங்க அது. நேத்து மணி அடிச்ச களேபரத்துல இந்தப் பக்கம் துடைக்கவே இல்ல.”

யாரும் தடுப்பதற்குள் துணிக்குள்ளிருந்த கட்டைவிரல் நகத்தால் ஒரே சுண்டு. அலகு போயிற்று.

சங்கத் தலைவர் மறுபடி குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இப்ப அச்சு அசல்” என்றார். “இந்த மாதிரி பராமரிப்பை நான் எங்கயும் பாத்ததில்ல.”

கையெழுத்துப் போட்டார். மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சான்றிதழைக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு தேதி சார் வண்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அலகு உடைந்தது 1958ல். பதினோரு வருடத்துக்கு முன் எடுத்த படத்தில் அலகு இல்லை. அப்படியென்றால் அந்தப் படத்தில் இருந்தது 1931ஆம் ஆண்டு முத்திரை இல்லை. கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தமக்கு முன் இருந்தவர்களின் பதிவேடுகளை எடுத்துவந்து புரட்டினார். மூன்று விதமான கையெழுத்துகளில் ஒரே வரி, வாரம் தவறாமல். தம் பதிவேட்டைத் திறந்தார். பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேலேயே நின்றது. பிறகு ‘முத்திரை நலம்’ என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தேதி போடவில்லை.

கண்ணாடியக்கா வாளியோடு அந்தப் பக்கம் வந்தார்.

“அக்கா, அந்த மூக்கு தூசி இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார்.

“நான் வந்த முப்பத்தோரு வருஷத்துல இது நாலாவது முத்திரை சார்” என்றார். “மூக்கு வெச்சது நீங்க ஒருத்தர்தான்.”