பிரஷ் உள்ள மாப்பிள்ளை, பிரஷ் இல்லாத பெண்

ராஜபாளையம்,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான், சுபேதார் மலைச்சாமி அவர்களுக்கு, தங்கப்பாண்டியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி முனீஸ்வரி, உங்கள் மருமகள் மாரிச்செல்வி, சோழபுரத்து நம் தோப்புத் தென்னைகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே பனிமலையில் உங்கள் சுகத்துக்கும் உங்கள் துப்பாக்கியின் சுகத்துக்கும் அய்யனாரை வேண்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முகாமில் செல்போன் டவர் கிடையாது என்பதால்தான் இந்தக் கடிதம். பெண்ணுக்குத் தாய்மாமன் நீங்கள். ஊரெல்லாம் தெரிந்த பிறகு உங்களுக்குத் தெரிந்தால் நாளைக்குப் பந்தலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். சந்தோஷ அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற ஏட்டு பால்ச்சாமி இருக்கிறார் அல்லவா, அவர் மகன் கூடலிங்கத்துக்கு நம் பிள்ளையைக் கேட்டு வந்தார்கள். பையன் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் வேலை. நல்ல குடும்பம், நல்ல உயரம். போட்டோவை மாரிச்செல்வியிடம் நீட்டினேன். அது பார்த்துவிட்டு, "இவனா? இவன் இன்னும் பிரஷ்லதானப்பா இருக்கான். நான் பிரஷ்ஷ விட்டு ரெண்டு வருஷமாச்சு" என்றது. கேட்டீர்களா, மச்சான்! மில்லில் கரண்டு வேலை முழுக்கப் பார்க்கிற இஞ்சினியர் பிள்ளை, ரெண்டு வருஷமாகப் பல் விளக்கவில்லையா? உங்கள் தங்கச்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, "ஏட்டி, வாயைத் தொற" என்று தாடையைப் பிடித்துவிட்டாள்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று பிள்ளை போய்க்கொண்டிருந்ததெல்லாம் தோழி வீட்டுக்கு இல்லை. ரிமோட் கார் பந்தயத்துக்கு! கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்து காட்டியது. முழங்கை நீளத்துக்கு ஒரு கார், பேட்டரியில் ஓடுவது. அதன் மோட்டாரில் ரெண்டு சாதியாம். "நம்ம மிக்ஸி புகைஞ்சு நின்னா கடைக்காரர் கார்பன் போயிருச்சும்பார்லப்பா, அந்தக் கார்பன்தான் பிரஷ். அது சுத்துற பாகத்தை உரசி உரசித்தான் கரண்டைக் குடுக்கும். உரசுனா சூடு, பொறி, தேய்மானம். என் மோட்டார்ல உரசலே கிடையாது. கம்பிச்சுருள் சும்மா நிக்கும், காந்தம் சுத்தும், எந்தச் சுருளுக்கு எப்பக் கரண்டு விடணும்னு ஒரு குட்டி போர்டு பாத்துக்கிடும். வேகம் கூட, பேட்டரிச் செலவு கம்மி. போன வருஷம் சத்தமில்லாத ஃபேன் வாங்குனோம்ல, அதே சாதி." இவ்வளவையும் கேட்டுவிட்டு உங்கள் தங்கச்சி சொன்னாள்: "உரசாம எந்தக் குடும்பம்டி ஓடிருக்கு? கல்யாணம் ஆன நாள்லருந்து நானும் ஒங்கப்பாவும் உரசிக்கிட்டுத்தான் ஓடுதோம்." நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. "நீங்க முன்னால போங்க, நான் ஸ்கூட்டர்ல நேரா வந்துருதேன்" என்று பிள்ளை சொன்னதை நம்பி, பூவும் பழமுமாக நாங்கள் போய் நின்றோம். பால்ச்சாமி வகையறாவும் தட்டோடு நிற்கிறார்கள். பெண்ணைக் காணோம். சரி, மாப்பிள்ளையையாவது பார்ப்போம் என்றால் அவரையும் காணோம். நானும் பால்ச்சாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ரெண்டும் சேந்து ஓடிப்போயிருச்சுகளோ?" என்று உங்கள் தங்கச்சி என் காதைக் கடித்தாள். "ஏட்டி, நாமளே சேத்து வைக்கத்தான வந்திருக்கோம், பொறவு எதுக்கு ஓடணும்?" என்றேன். பால்ச்சாமி போலீஸ்காரர் இல்லையா, உடனே விசாரணையில் இறங்கிவிட்டார். மகன் போனுக்கு அடித்தார். எடுத்தது சல்மான் என்று ஒரு தம்பி, ராஜபாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவர். பின்னால் ஆயிரம் வண்டுகள் ரீங்காரம் போடுகிற மாதிரி ஒரே இரைச்சல். "கூடலிங்கம் இங்க ராஜபாளையத்துக்கு வெளிய கண்மாய்லதான் இருக்காப்ல, பந்தயக் கோட்டுல நிக்காப்ல, மாரிச்செல்வியும் நிக்குது, ரேஸ் முடியட்டும்" என்று வைத்துவிட்டார். ரெண்டு குடும்பமும் ஒரே ஷேர் ஆட்டோவில் பூத்தட்டோடு ஏறிவிட்டோம்.

ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிக் கிடக்கிற ஒரு கண்மாய். உள்ளே பழைய டயர்களை வரிசையாகப் போட்டு வளைந்து வளைந்து பாதை. சல்மான் மைக்கைப் பிடித்து நிற்கிறார். நம் பிள்ளை, பெண் பார்க்கக் கட்டிய பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ரிமோட்டோடு கத்திக்கொண்டிருக்கிறது. எதிரே கூடலிங்கம், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு மேல் கத்துகிறார். வந்த வண்டிகள் கொஞ்சம் என்பதால் ரெண்டு சாதி மோட்டாரையும் சேர்த்தே ஓட விடுகிறார்களாம். அதில்தான் தகராறு. பிரஷ் கட்சிக்காரர்கள், "அவங்க வேகத்துக்கு நாங்க எப்படி ஈடு குடுக்க? நாயமா இது?" என்கிறார்கள். பிரஷ் இல்லாத கட்சி, "காலத்துக்கு ஏத்தமாரி மாறாதது எங்க தப்பா?" என்கிறது. கடைசியில் சல்மான், பிரஷ் வண்டிக்குக் கூடுதல் பலமுள்ள பேட்டரி, பிரஷ் இல்லாத வண்டிக்குக் குறைச்சல் பேட்டரி என்று தீர்ப்புச் சொன்னார். இதற்குள் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை மச்சான், காலையில் மோட்டாருக்கு வால் எது தலை எது என்று தெரியாத நான், "உரசாத மோட்டார்தான் ஒசத்தி!" என்று கூவிவிட்டேன். பால்ச்சாமி விடுவாரா? "அண்ணாச்சி, எங்க மோட்டார் மண்ணுலயும் தண்ணியிலயும் பொரண்டாலும் ஓடும். ஒங்களுது கெளம்பவே திக்கும், பாருங்க" என்றார். அதுவரைக்கும் எனக்குச் சம்பந்தி, அந்த நிமிஷம் முதல் எதிர்க்கட்சி.

அவர் சொன்னது மாதிரியே கொடியை ஆட்டியதும் நம் வண்டி கடக்கடக்கென்று திக்கிக்கொண்டு நின்றது. கூடலிங்கத்தின் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் நம்மது பிடித்தது பாருங்கள் ஒரு பிடி! அம்மாடி! புழுதிதான் தெரிகிறது, வண்டி தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் டயர் மேல் ஏறிக் குட்டிக்கரணம் அடித்து நாலு காலில் விழுந்து மறுபடி ஓடுகிறது. உங்கள் தங்கச்சி பூவும் பழமும் இருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "விடாதட்டி! அமுக்குட்டி!" என்கிறாள். பழத்தட்டை ஒரு ஆடு வந்து பார்த்துக்கொண்டது. கடைசிச் சுற்று. நம் பிள்ளை ரொம்ப முன்னால். கோடு தெரிகிறது. அப்போது வண்டி நின்றுவிட்டது! வெயிலில் அந்தக் குட்டி போர்டு கொதித்துப்போய்த் தானாகக் கரண்டை நிறுத்திக்கொண்டதாம், ஆறினால்தான் எழும்புமாம். பின்னால் கூடலிங்கத்தின் வண்டி நிதானமாக வருகிறது. நம் வண்டியைத் தாண்டிவிட்டது. பால்ச்சாமி துண்டைச் சுழற்றுகிறார். கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கையில் அதுவும் பொசுக்கென்று நின்றுபோனது. ரெண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக, படுத்த மாடுகள் மாதிரி. செத்த நேரத்தில் நம்மது ஆறி, கடக்கடக்கென்று திக்கி, தவழ்ந்தே கோட்டைத் தாண்டியது. ஜெயித்துவிட்டோம்! நான் துள்ளின துள்ளலில் வேட்டி அவிழ்ந்து, எதிர்க்கட்சி பால்ச்சாமிதான் பிடித்துக் கட்டிவிட்டார்.

திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை முகம் செவசெவ என்று இருக்கிறது. நேரே கூடலிங்கத்தின் முன்னால் போய் நின்றது. "வேணும்னுதான நிப்பாட்டுனீங்க?"

"இல்லைங்க..."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல விட்டுக்குடுத்தா நான் மயங்கிருவேன்னு நெனைச்சீகளோ? இன்னைக்கு விட்டுக்குடுப்பீக, நாளைக்கு 'நான் விட்டுக்குடுத்துத்தான் நீ ஜெயிச்ச'ன்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவீக. தோத்தாக்கூட நான் கட்டிக்கிடுவேன். இதுக்குக் கட்டிக்கிட மாட்டேன்."

பால்ச்சாமி வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். கூடலிங்கம் மட்டும் பதறவில்லை. "செத்த நேரம் பொறுங்க" என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு தன் பை கிடந்த பக்கம் போனார், குனிந்து மோட்டாரின் ஸ்பிரிங்கை நகர்த்தினார், திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தார். ரெண்டு கார்பன் துண்டு. எலிப்பல் அளவுகூட இல்லை. பிள்ளை அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தது. கோயில் சன்னதியில்கூட நான் அப்படி மூச்சை அடக்கி நின்றதில்லை.

"நெசமாவே தேய்ஞ்சுதான் போயிருக்கு" என்றது. "கேவலமா தேய்ஞ்சிருக்கு. இதை மாத்தாம யாராச்சும் பந்தயத்துக்கு வருவாகளா?"

"மாத்தியிருந்தா ஒங்கள ஜெயிச்சிருப்பேன்ல?"

"அதையும் பாப்போம்" என்று சொல்லிப் பிள்ளை சிரித்தது. அம்புட்டுத்தான்! அதுதான் சம்மதம்! ஆடு மிச்சம் வைத்த பூவை எடுத்து, அந்தக் கண்மாய்க்குள்ளேயே பூ வைத்துவிட்டோம். சல்மான் மைக்கில் சொல்ல, ரெண்டு கட்சியும் கை தட்டியது. பால்ச்சாமி என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணாச்சி, என் மகன் பொய் சொல்லத் தெரியாதவன்" என்றார். அழுதுவிட்டேன்.

ஆகவே மச்சான், ஆவணியில் முதல் முகூர்த்தம். தாய்மாமன் மாலை எடுத்துத் தராமல் மணவறை ஏற மாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த உடனே உங்கள் மேலதிகாரியிடம் லீவு எழுதிக் கொடுத்துவிடவும். கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறாள் முனீஸ்வரி. குன்று கண்ட இடமெல்லாம் முருகன் உங்களுக்குத் துணை நிற்பாராக.

என்றும் உங்கள் அன்புள்ள மச்சான்,
தங்கப்பாண்டியன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் கூடலிங்கம் போன் செய்தார். "மாமா, ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல. என் வண்டிய நான்தான் நிப்பாட்டுனேன். அந்தக் கார்பன் பழசு, பையில கெடந்தது. அவுக வண்டி நின்னதும் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன், வெரல் தானா ரிமோட்ட விட்டு வெலகிருச்சு" என்றார். "யப்பா, இதை அப்படியே குழிதோண்டிப் பொதைச்சிரு, எம்பிள்ளைக்குத் தெரியவே கூடாது" என்று நானும் கத்தினேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பிள்ளை பின்னால்தான் நின்று தலை சீவிக்கொண்டிருந்திருக்கிறது. கார்ப் பெட்டியை எடுத்து ஸ்கூட்டரில் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்விட்டது. போகையில் சிரித்தது என்று நான் சொல்கிறேன், பல்லைக் கடித்தது என்று முனீஸ்வரி சொல்கிறாள். ஆகவே மச்சான், லீவு கேட்க வேண்டாம். கேட்டுவிட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம்.