ஷூ முகரும் தீர்க்கதரிசி

கையெழுத்து நாள் நெருங்கினால் அலபாமாவில் எங்கள் டன்லோ ஊருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடப் பையன் எந்தக் கல்லூரிக்குக் கால்பந்து ஆடக் கையெழுத்துப் போடப் போகிறான் என்று தெரியாமல் யாருக்கும் சோறு இறங்காது. இந்தக் காய்ச்சலுக்கு மருந்து விற்றவர் போதகர் பிரதர் லீமன்.

அவர் வேலை சுலபம். பையனின் பழைய ஷூவையும் காணிக்கையையும் வாங்கிக்கொள்வார். கண்ணை மூடி ஷூவை முகர்வார். ஆண்டவர் அவர் காதில் கல்லூரிப் பெயரைச் சொல்வாராம். அதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். கையெழுத்து நாளன்று மேடையில் கல்லூரிக்கு ஒன்றாகத் தொப்பிகள் இருக்கும். பையன் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்ததும் பிரதர் உறையைப் பிரிப்பார். அதே பெயர். வருடத்துக்கு ஒருவனாகப் பதினோரு பையன்கள், பதினோரு முறையும் சரி. சுற்று வட்டாரத்து ஷூவெல்லாம் அவர் வாசலில் குவிந்தது. ஆண்டவர் அந்த வாடையை எப்படித்தான் தாங்கினாரோ.

இந்த வருடம் கெண்ட்ரெலின் முறை. இருநூற்றெண்பது பவுண்டு எடை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கால்டர், மெரிடன், டார்வெல் என்று மூன்று கல்லூரிகள் அவனைக் கூப்பிட்டன. அவனுக்குக் கால்டர்மேல் ஆசை. ஆனால் அவன் அம்மா வெர்லீன் ஷூவோடு பிரதரிடம் போய்விட்டு வெளிறிப்போய் வந்தாள்.

"மெரிடன்தானாம். வேற எங்க போனாலும் முழங்கால் போயிடுமாம்."

பிரதர் ஓட்டிய புது டிரக், மெரிடன் வெறியரான ஒரு கார் வியாபாரி கொடுத்தது. அதை ஆண்டவர் சொல்லவில்லை போலும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் கெண்ட்ரெலின் அக்கா ஒடெஸா கேட்டாள். "முழங்கால் விஷயம் ஷூவுல எப்படிம்மா தெரிஞ்சுது?"

"பதினோரு பேருக்கு சொன்னவருடி. வாயக் கழுவு."

"போன வருஷம் நான் அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வலது பக்கத்துலேர்ந்து உறைய எடுத்தாரு. இடது பக்கத்துல இன்னொண்ணு எட்டிப் பாத்துச்சு."

அம்மா காதில் வாங்கவில்லை. ஒடெஸா தம்பியைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள்.

கையெழுத்து நாளன்று பள்ளி அரங்கில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் பிரதர். வெர்லீன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். கெண்ட்ரெல் எழுந்து டார்வெல் தொப்பியைத் தலையில் வைத்தான்.

பிரதர் வலது பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்தார். "டார்வெல். ஆண்டவருக்குத் தோத்திரம்." அரங்கமே கைதட்டியது.

வெர்லீன் எழுந்தாள். "பிரதர், எங்கிட்ட மெரிடன்னு சொன்னீங்களே."

பிரதர் வாய் திறப்பதற்குள் கெண்ட்ரெல் தொப்பியைக் கழற்றினான். "இது தலைய இறுக்குது." மெரிடன் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

பழக்க தோஷம். பிரதரின் கை தானாக இடது பைக்குள் போய் உறையோடு வந்தது. கையைப் பார்த்ததும் அவருக்கே திக்கென்றது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒடெஸா முன்னால் வந்தாள்.

"தம்பி இன்னும் முடிவு சொல்லல பிரதர். அவன் அடுத்த தொப்பிய தொடறதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. ஒரு தடவ, முன்னாடி."

"ஆவி சோதனைக்கெல்லாம் வராதும்மா."

"அப்ப கோட்டக் கழட்டுங்க."

கழற்றவில்லை. வெர்லீனே போய் அவர் நெஞ்சுப் பைக்குள் கையை விட்டாள். மூன்றாவது உறை. பிரித்தாள். கால்டர்.

"ஆண்டவர் மூணு வழியும் காட்டினாரும்மா," என்றார் பிரதர்.

"அத தொப்பியே காட்டுதே," என்றாள் ஒடெஸா. "நீங்க எதுக்கு?"

அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் பிரதர் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டார். வெர்லீன் மகனிடம் திரும்பினாள். "முழங்காலுன்னு பயந்துட்டேன்டா. நீ எதுக்குக் கால்டர் கால்டர்ன்ன?"

"அங்க மாட்டு வைத்தியம் படிக்கலாம். மொத வருஷம் உன்ன ஆட விடமாட்டேன்னு அந்தக் கோச் மட்டும் உண்மையச் சொன்னாரு. ரெண்டு மணி நேரத்துல நீ வந்து பாத்துட்டுப் போயிடலாம்மா."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலயே."

வெர்லீன் கால்டர் தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது ஒரு பெரியவர் ஒடெஸாவை மறித்தார். "பிரதர் போயிட்டாரே. அடுத்த வருஷம் பையன் எங்க போவான்னு நாங்க யாரப் போய்க் கேக்கறது?"

"பையனத்தான்," என்றாள் ஒடெஸா.

பெரியவர் யோசித்தார். பதினோரு வருடத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் ஊரில் தோன்றியிருக்கிறதா?